நாலாவது குழிக்கு வலப்பக்கம்

நஞ்சப்பனின் பந்து வலப்பக்கமே போனது.

நேராகத்தான் கிளம்பும். பாதி வழியில் யாரோ கூப்பிட்ட மாதிரி வலப்பக்கம் திரும்பும். புதரில் போய் விழும். மட்டையை மாற்றிப் பார்த்தார். கையுறையை மாற்றிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியையும் மாற்றினார். பந்து மாறவில்லை.

ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் தலையை ஆட்டாதே என்றார். ஒருவர் மூச்சை விடாதே என்றார். ஒரு டாக்டர், வயிறு சரியாகப் போகிறதா என்று கேட்டார். வயிறு சரியாகத்தான் போனது. பந்துதான் போகவில்லை.

நஞ்சப்பன் அவிநாசிப் பக்கம் நூல் மில் நடத்தியவர். மில்லை மகன் கையில் கொடுத்துவிட்டு மலையேறி வந்து நெடுநாளாகிவிட்டது. மலையில் ஒரு பழைய கிளப். ஒரு பக்கம் தேயிலை, ஒரு பக்கம் சோலை, நடுவில் கோல்ஃப் திடல். வந்த இடத்தில் அவருக்கு ஒரு கூட்டாளி வாய்த்தார். தேவசகாயம். நாகர்கோவில்காரர். தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கையில் அரிவாள் இல்லாமல் வெளியே கிளம்ப மாட்டார். எங்கே களை கண்டாலும் குனிந்துவிடுவார்.

இருவரும் ஜோடி ஆட்டம் ஆடினார்கள்.

ஜோடி ஆட்டத்தில் இரண்டு பேருக்கும் ஒரே பந்து. ஒருவர் அடித்த பந்தை, அது எங்கே கிடந்தாலும், அடுத்தவர் போய் அடிக்க வேண்டும். மாற்றி மாற்றி. ஒருவர் அடிக்கப் போகும்போது மற்றவர் முன்னால் நடந்துவிடுவார். நேரம் மிச்சம். இன்னொரு வழக்கமும் உண்டு. ஜோடிக்காரனிடம் மன்னிப்புக் கேட்கக் கூடாது. பந்தைச் சேற்றில் போட்டாலும் முள்ளில் போட்டாலும் வாயைத் திறக்காமல் நடக்க வேண்டும். அடிக்கு அடி மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தால் ஆட்டம் முடியாது என்று யாரோ வைத்தது.

இந்த இரண்டு வழக்கத்தையும் நஞ்சப்பன் உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டார்.

நாலாவது குழியில் முதல் அடி அவருடையது. பந்து வலப்பக்கச் சரிவில், முள் அடர்ந்த உண்ணிப்புதருக்குள் போகும். நஞ்சப்பன் மட்டையைத் தோளில் சாத்திக்கொண்டு முன்னால் நடந்துவிடுவார். தேவசகாயம் புதருக்குள் இறங்குவார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம். பந்து வெளியே வந்து குழியில் நட்ட கொடிக்குப் பக்கத்தில் உருளும். அவ்வளவு அடர்ந்த புதருக்குள்ளிருந்து அது எப்படி வந்தது? நஞ்சப்பன் கேட்டதில்லை. தனியாக ஆடும் நாட்களில் பந்து அங்கே போனால், போனது போகட்டும் என்று இன்னொன்றை எடுத்து வைப்பார்.

“லேய் மக்கா, ஒரு தடவை உள்ள வந்து பாரேன்” என்பார் தேவசகாயம், சட்டையில் ஏறிய முள்ளைப் பிடுங்கிக்கொண்டே.

“உன்ற முறைக்கு நான் எதுக்கு? நேரந்தான் வீண்.”

“வாலே. ஒனக்கு ஒரு சங்கதி காட்டணும்.”

“அப்புறம் பாத்துக்கலாம் வா.”

அப்புறம் வரவே இல்லை.

போன ஆடி மழையில் தேவசகாயம் அந்தச் சரிவில் வழுக்கி விழுந்தார். நஞ்சப்பன் வழக்கம்போல முன்னால் போய்க் கொடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். சத்தம் வரவில்லை. பந்தும் வரவில்லை. இன்னும் என்ன பண்றான் இவன் என்று எரிச்சல்பட்டார். பின்னால் ஆடி வந்தவர்கள்தான் தூக்கினார்கள். இடுப்பெலும்பு.

கோயம்புத்தூரில் ஆபரேஷன் நடந்தது. நஞ்சப்பன் பழப்பையோடு போய்க் கட்டில் ஓரம் நின்றார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். ஜோடிக்காரனிடம் எப்படிச் சொல்வது? விழுங்கிக்கொண்டார்.

தேவசகாயம் கண்ணைத் திறந்தார்.

“என்னலே, எழவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி நிக்க? போ. நேரா ஒரு பந்து அடிச்சிட்டு வா. அப்புறம் எனக்க மூஞ்சில முழி.”

நர்ஸ் சிரித்தாள். தேவசகாயமும் வலியோடு சிரித்தார். நஞ்சப்பன் சிரிக்கவில்லை. வியாபாரத்தில் வாக்கு என்றால் வாக்கு என்று இருந்தவர். நேராக ஒரு பந்து அடிக்காமல் இவன் முகத்தில் முழிப்பதில்லை என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டார்.

கேலியை வாக்காக எடுத்துக்கொள்கிறவனை என்ன செய்வது?

இப்படித்தான் அவர் தில்ஷாத் டீச்சரிடம் வந்து சேர்ந்தார்.

தில்ஷாத் அந்தக் கிளப்பில் கோல்ஃப் சொல்லித் தருபவர். நஞ்சப்பனைவிட வயதில் நன்றாக இளையவர். பேச்சு குறைவு. பாராட்டு அதைவிடக் குறைவு. பெரிய அதிகாரியாக இருந்தாலும் சரி, “முட்டியை மடக்குங்க” என்பார். மடக்காவிட்டால் எழுந்து போய்விடுவார்.

“என்ன?”

“வலப்பக்கம் போகுதுங்க டீச்சர்.”

“அடிங்க.”

அடித்தார். போனது.

“ஏன் இடப்பக்கம் திரும்பி நிக்கிறீங்க?”

“எப்படியும் வலப்பக்கம் வளைஞ்சிருதுங்களே. அதுக்குத்தான் முன்கூட்டியே கொஞ்சம் இடப்பக்கமா.”

“இன்னும் திரும்புங்க.”

திரும்பினார். அடித்தார். பந்து முன்னைவிட அதிகமாக வளைந்தது.

“இன்னும்.”

மேலும் வளைந்தது.

“இன்னும்.”

இப்போது நஞ்சப்பன் கிளப்பின் டீ ரூமைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். வாசலில் நின்ற பேரர் போஜன் கையிலிருந்த தட்டைத் தலைக்கு மேலே பிடித்தார்.

“சார், நான் என்ன சார் பாவம் பண்ணேன்? நேத்துக்கூட பக்கோடா சூடாத்தானே கொடுத்தேன்!”

நஞ்சப்பன் அடித்தார். பந்து போஜனை நோக்கிக் கிளம்பியது. நடுவழியில் மனம் மாறி, பெரிய வளைவாக வளைந்து, வலப்பக்கப் புதருக்கே போய்ச் சேர்ந்தது.

“விலக விலக வளையுது” என்றார் தில்ஷாத். “இன்னிக்குப் போதும்.”

அடுத்த முறை அவர் பந்தைப் பார்க்கவே இல்லை. நஞ்சப்பன் அடித்த இடத்தில் குந்தி உட்கார்ந்து, மட்டை பெயர்த்த மண்ணைப் பார்த்தார்.

“இங்க வாங்க. இந்த வெட்டு எந்தப் பக்கம் காட்டுது?”

புல் பெயர்ந்த தழும்பு கோணலாகக் கிடந்தது.

“இடப்பக்கங்க.”

“பந்து?”

“வலப்பக்கம்.”

“மட்டையை வெளிய கொண்டுபோய் உங்க பக்கமா இழுத்து அறுக்கிறீங்க. கதிர் அறுக்கிற மாதிரி. பந்து சுத்திக்கிட்டு ஓடுது. இழுக்காதீங்க. உங்ககிட்டயிருந்து வெளிய விடுங்க.”

“வெளியன்னா, வலப்பக்கமாங்க?”

“ஆமா.”

“அங்கதானுங்க புதரு இருக்குது. அங்க போகக் கூடாதுன்னுதானே இத்தனை பாடு.”

“அதான் போகுது.”

நஞ்சப்பன் மட்டையை ஓங்கினார். தலை சரி என்றது. கை பழையபடி இழுத்தது.

தில்ஷாத் தூரத்தில் போய் விழுந்திருந்த புல்கட்டியைக் காட்டினார். “அதை எடுத்து வெச்சு மிதிங்க. பெயர்த்தவங்கதான் வைக்கணும்.”

நஞ்சப்பன் குனிந்தார். புல்கட்டியை எப்படி வைப்பது என்று தெரியவில்லை. தலைகீழாக வைத்தார்.

“இதுக்கு முன்னாடி வெச்சதே இல்லையா?”

“இல்லைங்க. பின்னாடி தேவா வருவான். அவன் வெச்சிருவான்.”

தில்ஷாத்தே குனிந்து, புல்லைத் திருப்பி வைத்து மிதித்தார்.

வாரங்கள் போயின. தேவசகாயம் ஆஸ்பத்திரியிலிருந்து மலைக்குத் திரும்பி வந்திருந்தார். சர்ச்சுக்குக் கீழே அவருடைய வீடு. கோல் ஊன்றி வாசல்வரை நடக்கிறார் என்று சொன்னார்கள். நஞ்சப்பன் காதில் வாங்கிக்கொண்டார். காரை மட்டும் சர்ச் வழியாக விடாமல் சுற்று வழியில் விட்டார். பயிற்சித் திடலுக்கு வந்து கூடையைக் கவிழ்த்துப் பந்துகளை அடித்தார். எல்லாம் வலப்பக்கம் போயின.

ஒரு நாள் தில்ஷாத் கேட்டார்: “இத்தனை வருஷமா இல்லாத அவசரம் இப்ப எதுக்கு?”

நஞ்சப்பன் சொன்னார். ஆஸ்பத்திரியில் தேவசகாயம் சொன்னதைச் சொல்லுக்குச் சொல் சொன்னார்.

தில்ஷாத் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்க மில்லுல இழை அறுந்தா என்ன பண்ணுவீங்க?”

“உடனே புடிச்சு ஒட்டணுமுங்க. அதுக்குன்னே ஆளு நிப்பாங்க.”

“மிஷினை முழுசா ரிப்பேர் பண்ணிட்டு அப்புறம் ஒட்டிக்கலாம்னு விட மாட்டீங்களா?”

“அதெப்படிங்க? அது பாட்டுக்குச் சுத்திக்கிட்டே இருக்குமே. அத்தனை பஞ்சும் வீணாப் போயிருமில்ல?”

“ம்.”

டீச்சருக்கு மில்லில் திடீரென்று என்ன அக்கறை என்று நஞ்சப்பனுக்கு விளங்கவில்லை. மில் பேச்சு வந்தால் அவருக்கு நிறுத்தத் தெரியாது. பஞ்சு விலையைப் பற்றிக் கொஞ்ச நேரம் சொன்னார்.

தில்ஷாத் குறுக்கே புகுந்தார். “அவர் வீடு எவ்வளவு தூரம்?”

“நடக்கிற தூரந்தானுங்க.”

“அப்ப நடங்க.”

“பந்து நேராகட்டுமுங்க டீச்சர்.”

“அடிங்க” என்றார் தில்ஷாத்.

பந்து வலப்பக்கம் போனது.

மார்கழிப் பனி இறங்கத் தொடங்கியிருந்தது. ஒரு நாள் மத்தியானம் போஜன் டீயை மேசைமேல் வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்.

“தேவசகாயம் சாரோட பொண்ணு வந்திருக்காங்களாம் சார். நாகர்கோவிலுக்கே கூட்டிட்டுப் போறாங்களாம். வீட்டைக்கூடக் காலி பண்ணியாச்சு. நாளைக்குக் காலையில கார். சார் போய்ப் பார்த்துட்டீங்கதானே?”

நஞ்சப்பன் டீயைத் தொடவில்லை. பயிற்சித் திடலுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தார்.

“டீச்சர், இன்னிக்கு நேராகியே தீரணுமுங்க.”

“அவர் வீட்டுக்குப் போங்க.”

“ஒண்ணே ஒண்ணுங்க. ஒரே ஒரு பந்து நேராப் போயிருச்சுன்னா அப்படியே ஓடிர்றேன். வெறுங்கையோட எப்படிங்க போறது?”

“போங்கன்னேன்.”

நஞ்சப்பன் கூடையைக் கவிழ்த்தார்.

தில்ஷாத் தன் பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டார். போகும்போது திரும்பவில்லை. “இன்னும் விளக்கு வைக்கல. நேரம் இருக்கு” என்று மட்டும் சொன்னார்.

நஞ்சப்பன் அடித்தார். அடித்துக்கொண்டே இருந்தார். கூடை காலியானதும் பொறுக்கி வந்து மறுபடி அடித்தார். பனி வந்து திடலை மூடியது. பந்து எந்தப் பக்கம் விழுகிறது என்று தெரியாமல் போனது. அப்போதும் அடித்தார். ஒன்றாவது நேராகப் போயிருக்கும். யாருக்குத் தெரியும்?

மறுநாள் காலையில், பந்தும் இல்லாமல் வாக்கும் இல்லாமல், அவர் சர்ச்சுக்குக் கீழே போனார். வீட்டு வாசலில் கார் இல்லை. தேவசகாயத்துக்குச் சமைத்துப் போட்ட குப்பம்மா மட்டும் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

“இப்பதான் வர்றீங்களா ஐயா? வெளிச்சம் வர்றதுக்குள்ளயே கிளம்பிட்டாங்க. வெயில் ஏறினா அப்பாவுக்கு ஆகாதுன்னு பாப்பா அவசரப்படுத்திருச்சு.”

“என்னையக் கேட்டானா?”

“கேக்கலீங்க.” குப்பம்மா விளக்குமாற்றைத் தட்டினார். “நேத்து சாயங்காலம் ரெண்டு டம்ளர் காப்பி போடச் சொன்னாரு. ஒண்ணைத்தான் குடிச்சாரு. இன்னொண்ணு ஆறி ஏடு கட்டிருச்சு. நான்தான் ஊத்தினேன்.”

நஞ்சப்பன் படியில் நின்றார். கை தன்னையறியாமல் மட்டையைத் தேடியது. மட்டை காரில் கிடந்தது.

அங்கிருந்து நேரே தில்ஷாத்திடம் வந்தார்.

“பாடம் போதுங்க டீச்சர். உங்களுக்கும் சிரமம். இனி நேராப் போனாத்தான் என்ன, கோணலாப் போனாத்தான் என்ன? யாருக்குக் காட்டறது?”

“மட்டை எங்க?”

“கார்ல கெடக்குது.”

“ஒண்ணு எடுத்துட்டு வாங்க. ஜோடி ஆட்டம். ஒரே ஒரு குழி.”

“மனசு இல்லைங்க.”

“நான் மனசைக் கேக்கல. மட்டையைக் கேட்டேன்.”

நஞ்சப்பன் எடுத்து வந்தார்.

தில்ஷாத் அவரை நாலாவது குழிக்குக் கூட்டிப் போனார். முதல் அடி தில்ஷாத்துடையது. தில்ஷாத்தின் பந்து நூல் பிடித்த மாதிரி போகும் என்பது கிளப்பில் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு அவர் பந்தை வைத்தார். வலப்பக்கச் சரிவைப் பார்த்து நின்றார். நேரே உண்ணிப்புதருக்குள் அடித்தார்.

நஞ்சப்பன் திடுக்கிட்டார். “டீச்சர்! உங்க பந்தா?”

“நம்ம பந்து. உங்க முறை.”

நஞ்சப்பன் தலையசைத்தார். பழக்கதோஷம். மட்டையைத் தோளில் சாத்திக்கொண்டு கொடியைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.

“எங்க போறீங்க?”

“முன்னா…”

நின்றுவிட்டார்.

“முன்னாடி போறது அடிச்சவங்க. அடிக்கப் போறவங்க உள்ள போகணும்” என்றார் தில்ஷாத். ஆனால் அவரும் முன்னால் போகவில்லை. நஞ்சப்பனுக்குப் பின்னாலேயே வந்தார்.

வெளியே இருந்து பார்த்தால் சுவர் மாதிரிப் புதர். பக்கவாட்டில் போனால் ஓர் ஆள் நுழைகிற வழி தெரிந்தது. நஞ்சப்பன் தலையைக் குனிந்து நுழைந்தார்.

சரிவில் படிகள் இருந்தன. மண்ணை மண்வெட்டியால் கொத்தி, ஒவ்வொரு படிக்கும் விளிம்பில் கல் பதித்து, ஒரு மனிதன் தனியாக வெட்டிய படிகள். நெடுங்காலம் மிதித்து மிதித்து நடுவில் குழிந்திருந்தன. கடைசிப் படியில் மட்டும் கல் இல்லை. மழை பெயர்த்திருந்தது. அந்த இடத்தில் மண்ணில் நீளமாக ஒரு சறுக்கல் தடம், பாதி பாசி பிடித்துக் கிடந்தது.

நஞ்சப்பன் அந்தத் தடத்தின்மேல் காலை வைக்கவில்லை. சுற்றிக்கொண்டு இறங்கினார்.

கீழே சமமான ஒரு சின்ன இடம். சரிவில் எந்தப் பக்கம் விழுந்தாலும் பந்து கடைசியில் உருண்டு வந்து அங்கேதான் நிற்கும். முள் இல்லை, வேர் இல்லை. எதிரே உண்ணியும் சீகைமரக் கிளைகளும் சதுரமாக வெட்டப்பட்டிருந்தன. அந்தச் சதுரத்துக்குள் தூரத்தில் பச்சைப் புல். நடுவில் கொடி. ஜன்னல் வழியாகப் பார்ப்பது போல இருந்தது. அந்தக் கொடிக்குப் பக்கத்தில்தான் அவர் எப்போதும் நிற்பார். இந்த ஜன்னலை அங்கிருந்து அவர் பார்த்ததே இல்லை.

நஞ்சப்பன் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று சொன்னார்: “புதரை வெட்டறது விதிப்படி தப்புங்க.”

“தப்புதான்” என்றார் தில்ஷாத். “விதியெல்லாம் நல்லா ஞாபகம் வெச்சிருக்கீங்க. அடிங்க.”

பந்துக்குப் பின்னால், அடிப்பவர் நிற்கும் இடத்துக்கு எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் தள்ளி, முழங்கால் உயரத்துக்கு ஒரு சீகைக்கட்டை நின்றிருந்தது. சுற்றிலும் எல்லாவற்றையும் வேரோடு எடுத்தவர் அதை மட்டும் விட்டிருந்தார். கட்டையில் பழைய கார் டியூபைச் சுற்றிக் கயிற்றால் கட்டியிருந்தது.

“கட்டையில படுமுங்களே.”

“பட்டா படட்டும்.”

நஞ்சப்பன் ஓங்கி வீசினார். மட்டை வழக்கம்போல வெளியே போய் உள்ளே இழுத்தது. தொப் என்று கட்டையில் இடித்து நின்றது. பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. கை வலிக்கவில்லை.

மறுபடி வீசினார். தொப்.

தில்ஷாத் படியில் உட்கார்ந்துவிட்டார்.

நஞ்சப்பன் கட்டையைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். அந்தப் பக்கமாக மட்டையைக் கொண்டுபோக வழியில்லை. வேறு வழி ஒன்றுதான். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்தார். தன் உடம்புக்குப் பக்கத்திலிருந்து, வெளியே, வலப்பக்கம் போனால் போகட்டும் என்று விட்டார்.

டக்.

எத்தனையோ முறை வெளியே நின்று கேட்ட அதே சத்தம்.

பந்து ஜன்னல் வழியாகப் போனது. நஞ்சப்பன் அது வளைவதற்காகக் காத்திருந்தார். வளையவில்லை. கொடிக்கு இந்தப் பக்கம் விழுந்து, நிதானமாக உருண்டு, கொடிக்குப் பக்கத்தில் நின்றது. அங்கே யாரும் இல்லை.

நஞ்சப்பனுக்கு ஆர்ப்பரிக்கத் தோன்றவில்லை. மட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கட்டையின் பக்கத்தில் மண்டி போட்டார். டியூபைத் தடவினார். விளிம்பைத் தூக்கிப் பார்த்தார். அடியில் இன்னொரு டியூப், வெடித்துப் பொடிந்து போயிருந்தது. அதற்கும் அடியில் இற்றுப்போன ஒன்று. பழையது கெடக் கெட, மேலே புதிது சுற்றியிருக்கிறது. கட்டையின் தலையில் தளிர் விட்ட இடங்களையெல்லாம் வருஷா வருஷம் நறுக்கிய வெட்டுத் தழும்புகள், காய்ந்ததும் கருத்ததுமாக. ஆனால் டியூபின்மேல் அடிபட்ட தடம் இரண்டே இரண்டுதான். இரண்டும் இப்போது விழுந்தவை.

“தேவா மட்டை இதுல படாதுங்களே டீச்சர். அவன் அடி சுத்தம். இத்தனையும் புடுங்கினவன், இந்த ஒரு கட்டைய மட்டும் எதுக்கு விட்டு வெச்சான்?”

தில்ஷாத் எழுந்து வந்தார். பந்து கிடந்த இடத்துக்கும் கட்டைக்கும் நடுவே தன் மட்டையை வைத்து அளந்து பார்த்தார்.

“உங்க கை இழுக்காம இருக்க நான் வெச்சாலும் இங்கதான் வெச்சிருப்பேன்.”

“டியூபு?”

“அடிக்கிறவங்களுக்குக் கை வலிக்கக் கூடாதுல்ல.”

நஞ்சப்பன் தரையில் உட்கார்ந்துவிட்டார். சட்டைக் கையில் ஓர் உண்ணிமுள் ஏறியிருந்தது. அதைப் பிடுங்கினார். பிடுங்கியதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

“அவர் அருவாளோட உள்ள இறங்கறதை எத்தனையோ தடவை பார்த்திருக்கேன்” என்றார் தில்ஷாத், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. “ஜன்னல் வெட்டறாருன்னு தெரியும். இது தெரியாது. வந்த முதல் நாளே உங்களை இங்க கூட்டிட்டு வந்திருக்கணும். நானும் திடல்ல நின்னு மண்ணைப் பார்த்துக்கிட்டு இருந்துட்டேன்.”

நஞ்சப்பன் தலையை ஆட்டினார்.

மேலே பாதையில் காலடிச் சத்தம். ஆடுகிறவர்களுக்கு டீ பிளாஸ்க் எடுத்துக்கொண்டு போன போஜன் கொடிக்குப் பக்கத்தில் நின்று, புதருக்குள் பேச்சுக் குரல் கேட்டு, பந்தையும் புதரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“டீச்சர்! உள்ளேயா இருக்கீங்க? யாரு அடிச்சது இது, நஞ்சப்பன் சாரா?”

“ஆமா” என்றார் தில்ஷாத்.

“அடேயப்பா! நேரா வந்து நிக்குது சார்! இனிமே டீ ரூம் வாசல்ல தைரியமா நிப்பேன். கடைசியில சாரைச் சரி பண்ணிட்டீங்களே டீச்சர்!”

“நான் பண்ணல.”

“பின்ன யாரு?”

தில்ஷாத் நஞ்சப்பன் பக்கம் திரும்பினார்.

“கேக்குறாருல்ல. சொல்லுங்க.”

நஞ்சப்பன் டியூபில் தளர்ந்திருந்த கயிற்று முடிச்சை இழுத்து இறுக்கினார். வாய்க்குள் என்னவோ சொன்னார்.

“காதுல விழல சார்!”

நஞ்சப்பன் எழுந்து நின்றார். ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக் கத்தினார்.

“தேவசகாயம்!”